வன்னி எலைக் கூலியும் வெரல் ரேகை மிசினும்

பேராண்டி, ஒன் விசிட்டிங் கார்ட ஒங்கப்பன் கொண்டாந்து குடுத்தான். கட்டடம் கட்டுறவன் கார்டுல ஒரு செங்கல்லாவது, ஒரு கரண்டியாவது படமா இருக்கும்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தேடினன். கம்பெனி பேருக்குக் கீழ 'டிஜிட்டல் கன்ஸ்ட்ரக்‌ஷன் சொல்யூஷன்ஸ்'னு போட்டிருக்கு. பின்பக்கத்துல கட்டம் கட்டமா ஒரு கோலம். அதப் போன்ல காட்டுனா எல்லாம் வரும்னான் ஒங்கப்பன். காட்டினோம். டிரோன் வந்துச்சு, பிம் வந்துச்சு, ஈஆர்பி வந்துச்சு, செயற்கை நுண்ணறிவு வந்துச்சு. கொத்தனார் மட்டும் வரல.

சந்தோசம்டா. நம்ம வம்சத்துல மண்ணு பெசஞ்சவன் உண்டு, சூள போட்டவன் உண்டு, மல்லாட்ட வெதச்சுக் கடன்பட்டவன் உண்டு. சீஇஓ ஆனது நீதான் மொத ஆளு. அது ஏதோ அறநிலையத்துறை உத்தியோகம்னு ஒங்க ஆயாவுக்கு நெனப்பு. நானும் திருத்தல.

கெழவன் புதுசுன்னாலே மூஞ்சியச் சுளிப்பான்னு ஒனக்கு ஒரு எண்ணம் இருக்கு. நான் எந்த ஊர்க்காரன்னு மறந்துட்டியா? விருத்தாசலத்துக்காரன்டா. புதுசு வந்து பழச வாரிக்கிட்டுப் போறத வாசல்ல உக்காந்து பாத்தவன்.

நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டுனப்ப வெள்ளக் களிமண்ணும் கூடவே வந்துச்சு. அந்த மண்ணு பக்கத்துலயே கெடச்சதாலதான் பீங்கான் நம்ம ஊர்ல வந்து குந்துச்சு. பீங்கான் தொழிற்பேட்ட வந்துச்சு, செராமிக் காலேஜ் வந்துச்சு. அரசாங்கத்து டான்செம், அதான் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம், ஸ்டோன்வேர் பைப்பு போடுறதுக்குன்னே இங்க ஒரு ஆலைய நடத்துச்சு. நானும் சூளையில பைப்பு அடுக்குனவன்தான். சூடு ஏற வேண்டிய மட்டும் ஏறுனதும் கல்லு உப்ப அள்ளி உள்ள வீசுவோம். உப்பு ஆவியாகி, களிமண்ணுல இருக்குற மணலோட சேந்து, பைப்பு மேல கண்ணாடியாவே படிஞ்சிரும். சூள ஆறுனதும் ஒவ்வொரு பைப்பையும் நிறுத்தி வச்சு சுத்தியலால ஒரு தட்டு. கணீர்னா பாஸு. டொக்குன்னா உள்ள வெடிப்பு, ஒதுக்கு. கம்ப்யூட்டர் கெடையாது, காதுதான். ஆனா ஒண்ணு கவனி. அடுக்குனவன் வேற, தீ போட்டவன் வேற, தட்டிப் பாக்குறவன் வேற. தன் வேலையத் தானே தட்டிப் பாத்து 'கணீர்'னு சொல்லிக்கிற வழக்கம் எங்க சூளையில கெடையாது.

அப்பேர்ப்பட்ட பைப்ப எதுடா தோக்கடிச்சுது? பிளாஸ்டிக்கு அழகா இருந்ததாலன்னா நெனைக்கிற? எங்க பைப்பு ரெண்டடி நீளம். ரெண்டடிக்கு ஒரு ஜாயிண்டு. ஒவ்வொரு ஜாயிண்டுலயும் சணல் கயித்தச் சுத்தி, சிமெண்டுக் கலவையத் திணிச்சு, காய விட்டு, தண்ணி நிறுத்தி ஒழுவுதான்னு பாக்கணும். குனிஞ்ச முதுகு நிமிர சாயங்காலம் ஆயிரும். பிவிசி பைப்பு இருவது அடி. பசையத் தடவு, சொருவு, போய்க்கிட்டே இரு. எங்க பைப்பு அமிலத்துக்கும் அசையாது, உப்புக்கும் அசையாது. பள்ளத்துல குனியிற மனுசனோட முதுகுவலிக்கு அசைஞ்சிருச்சு. பியூஸ் கேரியரு கதையும் இதான். வூட்டுக்கு வூடு மீட்டர் பலகையில நம்ம ஊரு வெள்ளப் பீங்கான் கட்டதான் குந்தியிருக்கும். பியூஸ் போனா இருட்டுல தடவிக் கம்பி சுத்தணும். எம்சிபி வந்துச்சு. உழுந்த சுவிச்ச மேல தள்ளுனா வெளிச்சம். முடிஞ்சுது கதை. இன்னிக்குப் பேட்டையில கார்த்திகைக்கு அகல் வெளக்கும் பொம்மையும் போட்டுத்தான் பலபேரு அடுப்பு எரியுது.

அதனால புதுசு வேணாம்னு நான் சொல்லமாட்டன். நான் கேக்குறது வேற கேள்வி. நீ வாங்கிக் குவிச்சிருக்கிற மிசினு யாரு முதுகு வலியக் கொறைக்குது? கொத்தனாரோடதையா, மேஸ்திரியோடதையா, இல்ல பேங்க்காரனுக்குப் படம் காட்டுற ஒன்னோடதையா?

மொதல்ல அந்த வெரல் வைக்கிற மிசின எடுத்துக்க. சைட்டு வாசல்ல ஊதுபத்தி கொளுத்தாத கொறையா மாட்டி வச்சிருக்க. காலையில கொத்தனார் வந்து வெரல வைக்கிறாரு. திரும்ப வையிங்குது. தொடச்சிட்டு வைக்கிறாரு. திரும்ப வையிங்குது. இருவது வருசம் சிமெண்டுலயும் சுண்ணாம்புலயும் ஊறுன வெரல்ல ரேக எங்கடா இருக்கும்? அவருக்குப் பின்னால ஒன் ஸ்டோர் கீப்பரு வந்து வைக்கிறான், ஒரே தடவையில பச்ச லைட்டு. எவன் கை தேயத் தேய வேல செஞ்சானோ அவனுக்கு ஆப்சென்ட்டு, எவன் கையில தூசி படலையோ அவன் பிரசென்ட்டு. பெரிய அறிவாளி மிசினுதான் போ.

சரின்னு மூஞ்சியக் காட்டுற மிசினுக்கு மாத்துன. காலையில குளிச்சிட்டுத் திருநீறு பூசிக்கிட்டு வந்த மொகத்த அதுக்குத் தெரியுது. சாயங்காலம் சிமெண்டு அப்புன மொகத்த அதுக்குத் தெரியல. உள்ள வந்தவன் வெளிய போவலன்னு கணக்கு. ஒன் லேப்டாப்புல அவன் ராத்திரி பூராவும் ஓவர்டைம் பாக்குறான். நெசத்துல அவன் செட்டுல படுத்துக் கொறட்ட உடுறான். கடைசியில சனிக்கெழம கூலி எத வச்சுப் போட்டாங்க? மேஸ்திரி சட்டப் பாக்கெட்டுல ஒரு டைரி இருக்கு, போன வருசத்து எல்லைசி டைரி. பேருக்கு நேரா ஒரு கோடு, அர நாளுன்னா பாதிக் கோடு. அத வச்சுத்தான். மிசினுக்கு மாசாமாசம் வாடக, டைரி இனாம்.

நம்ம பழமலைநாதர் கோயில் கதைய ஒனக்குச் சின்னப் புள்ளையில சொல்லியிருக்கன். விபசித்து முனிவர் திருப்பணி பண்ணப்ப கையில காசு கெடையாது. பொழுது சாஞ்சா வன்னி மரத்து எலையப் பறிச்சு ஆளுக்கொரு பிடி குடுப்பாராம். அவனவன் செஞ்ச வேலைக்குத் தக்கன அது பொன்னா மாறுமாம். ஒழுங்கா செஞ்சவனுக்கு மடி நெறையப் பொன்னு. டபாய்ச்சவனுக்கு எலை எலையாவே கெடக்கும். அதான்டா மொத பேரோல் சாஃப்ட்வேர். லைசென்சு கெடையாது, அப்டேட்டு கெடையாது, சர்வர் டவுனுன்னு ஒருநாளும் சொன்னதில்ல. மரம் இன்னும் கோயிலுக்குள்ள நிக்குது, போய்ப் பாரு.

கதையில ஒரு நுட்பம் இருக்கு. அந்த எலை ஆளு வந்தத எண்ணல, செஞ்ச வேலைய எண்ணுச்சு. அதுவும் அன்னிக்குப் பொழுதுக்குள்ளயே எண்ணிக் குடுத்துருச்சு. ஒன் கம்பெனியில ஆளு வந்தத எண்ண மிசினு இருக்கு. செஞ்ச வேலைய அளக்க எஞ்சினியரு மாசத்துக்கு ஒருக்கா டேப்ப எடுத்துக்கிட்டு வர்றாரு. அளந்தது எம்-புக்குல, அதான் அளவுப் புத்தகத்துல, ஏறணும், பில்லு ஆவணும், மூணு பேரு கையெழுத்துப் போடணும், அதுல ரிட்டென்ஷன்னு ஒரு துண்டப் புடிச்சிக்கிட்டு மிச்சத்தக் குடுக்கணும். அதுக்குள்ள மேஸ்திரி பூசுன சொவத்துல வேற ஒருத்தன் பெயிண்டே அடிச்சு முடிச்சிருப்பான். மேஸ்திரி ஆளுங்களுக்கு வட்டிக்கு வாங்கிக் கூலி குடுத்திருப்பாரு. அந்த வட்டி ஒன் ஈஆர்பியில எந்தக் கட்டத்துல வருதுன்னு காட்டு, பாப்போம்.

அப்புறம் அந்த அடுக்கு. நீ கம்பெனி. ஒனக்குக் கீழ சப் காண்ட்ராக்டரு. அவனுக்குக் கீழ லேபர் காண்ட்ராக்டரு. அவனுக்குக் கீழ மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கீழ பீகார்லேருந்து ரயிலேறி வந்த பையன். பையன் பேசுறது போஜ்புரி, மேஸ்திரி பேசுறது நம்ம வூட்டுத் தமிழு, ஆப்பு பேசுறது இங்கிலீசு. பெங்களூர்லேருந்து ஒரு கன்சல்டண்டு தம்பிய அழைச்சாந்து மேஸ்திரிங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தியாமே. ஏசி ரூம்புல பெரிய திரையில அம்பு அம்பா ஓடுச்சாம். 'என்னா மேஸ்திரி கத்துக்கிட்டீங்க?'ன்னு நம்ம முகாசபரூர்ப் பக்கத்து ஆளக் கேட்டன். 'சமோசா நல்லா இருந்துச்சு மாமா'ன்னாரு.

இன்னொண்ணு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நம்ம தமிழ்நாட்டுல 1994லயே வந்துருச்சு. ஒன் மிசினுக்குள்ள அத்தன பேரோட மூஞ்சி, வெரல், ஆதாரு எல்லாம் கெடக்கே, அதுல எத்தன பேர வாரியத்துல பதிஞ்சிருக்க? அந்த ரிப்போர்ட்ட எடுக்க எந்த பட்டன அமுக்கணும்னு ஒன் பசங்களுக்குத் தெரியுமா?

பிம்முக்கு வர்றன். கட்டடத்த மொதல்ல கம்ப்யூட்டருக்குள்ள கட்டிப் பாத்து, பீமும் பைப்பும் எங்க முட்டிக்குதுன்னு முன்னாலயே கண்டுபுடிக்கிற வித்த. நல்ல வித்ததான், நான் மறுக்கல. பிரிட்டன்ல 2016லேருந்து அரசாங்கக் கட்டடத்துக்கு அது கட்டாயம்னு நீதான் சொன்ன. ஒன் ஆபீசு டிவியில கட்டடத்தக் கையால சுத்திச் சுத்திக் காட்டுன. கழிவுநீர்க் கொழாயி பச்ச, கரண்டுக் கொழாயி மஞ்ச, ஒண்ணோட ஒண்ணு ஒரசாமப் போவுது. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.

அங்கேருந்து சைட்டுக்கு வந்தன். மூணாவது மாடியில கம்பி கட்டுறவன் சென்ட்ரிங் பலகை மேல ஒரு தாள விரிச்சு, காத்துல பறக்காம நாலு மூலையிலயும் ஜல்லிக்கல்லு வச்சிருந்தான். நடுவுல டீ கிளாசு வச்ச வட்டம். வட்டத்துக்குள்ள பீம் நம்பரு. ஓரத்துல 'ஆர் 2'ன்னு இருந்துச்சு. ஒன் டிவியில ஓடுனது ஆர் 5. நடுவுல மூணு திருத்தம் எங்கய்யா போச்சுன்னு கேட்டா, 'வாட்ஸப் குரூப்புல போட்டாச்சு தாத்தா'ன்னாரு சைட் எஞ்சினியரு. குரூப்பு பேரு 'டவர் பி அர்ஜென்ட்'. தொறந்து காட்டுனாரு. ரோசாப்பூ போட்ட குட் மார்னிங்கு, சிமெண்டு மூட்ட ஃபோட்டோ, யாருக்கோ பொறந்தநாளு, அதுக்கு வரிசையா கேக்கு, கேக்குக்கும் கும்பிடுக்கும் நடுவுல ஆர் 3. அதுக்குக் கீழ ஒரே ஒருத்தரு 'ஓகே சார்' போட்டிருந்தாரு. அவரு தங்கச்சி கல்யாணத்துக்குச் சிதம்பரம் போயிருந்தாரு.

அப்புறம் என்னா, தளம் போட்டாச்சு, கொழாயிக்கு வழி உடல, ஒடைச்சாங்க. ஒடைக்கிற மிசினு அருமையா வேல செஞ்சுது. ஒன் கம்பெனியில எல்லாருக்கும் ஓட்டத் தெரிஞ்ச ஒரே மிசினு அதான்.

கோடிக் கணக்குல சாஃப்ட்வேர் வாங்குறவன் ஒரு சின்ன ஏற்பாடு பண்ணக் கூடாதா? பழைய தாளத் திரும்ப வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் புதுத் தாளக் குடுக்குறதுன்னு ஒரு ஆளப் போடு. அவன் பேரு எல்லாருக்கும் தெரியட்டும். ஆர் 2 சைட்டுல கெடந்தா அவன் சட்டையப் புடிக்கலாம். இப்ப யாரு சட்டையப் புடிப்ப? வாட்ஸப்பு சட்ட போடாது.

ரெடிமிக்ஸ் கதையச் சொல்லாம உட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பிளாண்டுல சிமெண்டு, எம்-சாண்டு, ஜல்லி, தண்ணி எல்லாத்தையும் கம்ப்யூட்டரு எட போட்டு அனுப்புது. வண்டி சுத்திக்கிட்டே வருது. ஏத்துன ரெண்டு மணி நேரத்துக்குள்ள எறக்கிரணும்னு விதி. சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு அந்த விதி தெரியாது. வந்து சேர்றப்ப கலவ இறுகிக் கெடக்கும். பம்புக்காரன், 'இது போவாதுண்ணே'ம்பான். டிரைவரு ஒரு வார்த்த பேசாம ஹோச எடுத்து டிரம்முக்குள்ள உடுவாரு. மேல ஜிபிஎஸ் கண்ணு சிமிட்டிக்கிட்டே இருக்கும். வண்டி எந்தத் தெருவுல நின்னுச்சுன்னு ஒன் போனுக்குத் தெரியும், வயித்துக்குள்ள எத்தன கொடம் தண்ணி போச்சுன்னு தெரியாது. தண்ணி ஏற ஏற பலம் எறங்கும்ங்கிறது பிளாண்டுல இருக்குற கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஹோச புடிச்சிருக்கிற கைக்கு யாரும் சொல்லல.

அடுத்தது கியூபு. பதினஞ்சு சென்டிமீட்டர் சதுரக் கட்டைய வாத்து, ஏழாம் நாளு மூணு, இருவத்தெட்டாம் நாளு மூணுன்னு நசுக்கிப் பாக்கணும். ஒன் லேப் ரிப்போர்ட்டு எல்லாம் ஃபஸ்ட் கிளாசு. ஏன் இருக்காது? கியூபுக்குக் கலவ எடுத்தது ஹோசு உள்ள போறதுக்கு முந்தி!

இந்த விசயத்துலயும் நம்ம ஊருக்கு ஒரு பாடம் இருக்குடா. சுந்தரரு பழமலைநாதர்கிட்ட 12,000 பொன்னு வாங்கி, மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர்க் கொளத்துல எடுத்தாருன்னு கதை. குடுத்தது யாரு? சாமி. அப்பவும் மனுசன் சும்மா வரல. மாத்து ஒத்துப் பாக்க மச்சம், அதான் மாதிரித் துண்டு, வெட்டி வச்சிக்கிட்டாரு. அங்க எடுத்துப் பாத்தா மாத்து கொறையுது. பிள்ளையாரே ஒரசிப் பாத்துச் சொன்னாராம். மச்சத்த ஆத்தங்கரையில எடுத்தாரு, ஒரசுனது கொளத்தங்கரையில. நீ ரெண்டையும் ஆத்தங்கரையிலயே முடிச்சிக்கிற. பலகைக்குக் கலவ எறங்குற எடத்துல எடுடா மச்சத்த.

அந்தக் கதையோட மொதப் பாதி மட்டும் ஒனக்கு நல்லா மனசுல பதிஞ்சிருக்கு போல. ஒரு பக்கத்துப் பிளாட்டுக்கு வாங்குன அட்வான்ச இன்னொரு பக்கத்து நெலத்துல போட்டு எடுக்குற கலைய எங்கடா கத்துக்கிட்ட? 2016ல வந்த ரெரா சட்டப்படி வூடு வாங்குறவன் குடுக்குற பணத்துல 70 சதவீதம் தனிக் கணக்குல இருக்கணும், அந்தந்தக் கட்டடத்துக்கும் அதோட நெலத்துக்கும்தான் எடுக்கணும். ஆத்துல போட்டுக் கொளத்துல எடுக்குற சலுகைய அதுல யாருக்கும் குடுக்கல. சுந்தரரு சாமியோட தோழரு. நீ பேங்க் மேனேஜரோட தோழன்தான்.

இங்க கொஞ்சம் சிரிப்ப நிறுத்திக்கிறன். 2014 ஜூன் 28 சாயங்காலம், மழ. மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடி அப்பிடியே உக்காந்துச்சு. 61 பேரு போயிட்டாங்க, முக்காவாசி கூலி வேலைக்கு வந்த சனங்க. கூடப் பொறந்த பக்கத்துக் கட்டடத்த 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகத்தாங்க. டிரோன் இல்லாததால இடிஞ்ச கட்டடம் இல்லடா அது. மண்ணச் சோதிக்கிறதும், தூணுக்கு எவ்வளவு கனம் வேணும்னு கணக்குப் போடுறதும் எப்பவோ வந்த வித்தைங்க. நம்ம கோயில்ல ஆழத்துப் பிள்ளையாரப் பாக்கப் படியெறங்கித்தான் போவணும். நீயும் ஒரு தடவ ஒன் சைட்டு அஸ்திவாரக் குழியில எறங்கி நின்னு பாத்திருக்கியா? லாரி வாசல்ல நிக்கிது, பம்பு ரெடி, மணி ஆறு. அந்த நேரத்துல போன வருசம் வேலைக்குச் சேந்த ஒரு சின்னப் பொண்ணு எஞ்சினியரு, 'கம்பி கொறையுது சார், இன்னிக்குப் போட வேணாம்'னு சொன்னா, லாரி திரும்பிப் போவுமா, பொண்ணு திரும்பிப் போவுமா? இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் செயற்கை நுண்ணறிவப் பத்திப் பேசு.

புதுசு வெளங்குன எடமும் இருக்கு, சொல்லித்தான் ஆவணும். பெரும்பாக்கத்துல 1,152 வூடு. 2021 சனவரி 1ல அடிக்கல், 2022 மே மாசம் தொறப்பு. தூணு, பீமு, தளம் எல்லாத்தையும் முன்னாலயே வாத்து வச்சு, கொண்டாந்து மாட்டுனது. அதுக்கு நடுவுல கொரோனா வேற. எப்பிடி முடிஞ்சுது? முன்னாலயே வாக்குறதுன்னா கம்பி எங்க, தொளை எங்க, கொழாயி எங்கன்னு வாக்குறதுக்கு முந்தி முடிவு பண்ணியே தீரணும். வாத்ததுக்கு அப்புறம் வாஸ்து ஜோசியரு வந்து, 'பாத்ரூம கொஞ்சம் நகத்துங்க'ன்னா கதவச் சாத்திர வேண்டியதுதான். நீ அச்சு வாங்கலாம், கிரேன் வாங்கலாம். முடிவ முன்னால எடுக்குற பழக்கத்த எந்தக் கடையில வாங்குவ? ஐஐடியில படிச்ச பசங்க ஆரம்பிச்ச துவஸ்தா 2021ல 600 சதுர அடி வூட்ட மிசினால பிதுக்கியே கட்டிக் காட்டுனதும் பேப்பர்ல வந்துச்சு. கெட்டிக்காரப் பசங்க. அதுலயும் ஒயரு இழுக்க ஒரு மனுசன் போயிருப்பான், அவனுக்கு யாரோ ஒழுங்கா வழி சொல்லியிருப்பாங்க.

மெக்கின்சிக்காரங்க 2017ல ஒரு கணக்கு போட்டாங்கன்னு நீ ஒருக்காப் படிச்சுக் காட்டுன. ஒலகம் பூராவும் கட்டட வேலையில ஒரு மணி நேர ஒழைப்போட பலன் இருவது வருசமா ஆண்டுக்கு 1 சதவீதம்தான் ஏறுச்சு, மொத்தப் பொருளாதாரமோ 2.8 ஏறுச்சுன்னு. அதப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரியே டிரோனுக்கு ஆர்டரு போட்டுட்ட. ஏன் ஏறலன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா? பக்கத்தூருப் பையன் ஒருத்தன் டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூரு போய் வந்திருக்கான். அங்க பாத்ரூமையே முழுசா ஃபேக்டரியில செஞ்சு, டைல்சு ஒட்டி, கொழாயி மாட்டி, கிரேன்ல தூக்கி மாடியில சொருவுறாங்களாம். அங்க வெளிநாட்டு ஆளுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் லெவி கட்டணும். ஆளு வெல ஏற ஏற மிசினு மலிவாத் தெரியுது. இங்க ஆளு மலிவு. அதனாலதான் ஒன் மிசினு இன்வெஸ்டரு வர்ற அன்னிக்கு மட்டும் தூசி தட்டிக்கிட்டு வெளிய வருது. 'அங்கயும் இங்கயும் என்னாடா பெரிய வித்தியாசம்?'னு அவனக் கேட்டன். பாத்ரூமச் சொல்லுவான்னு நெனச்சன். 'தெனம் காலையில டூல்பாக்ஸ் மீட்டிங் வைப்பாங்க தாத்தா. இன்னிக்கு என்னா வேல, எங்க பள்ளம் தொறந்திருக்கு, கிரேன் எந்தப் பக்கம் சுத்தும்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. புரியலன்னா கேக்கலாம், யாரும் திட்டமாட்டாங்க'ன்னான். அதுக்கு எத்தன லைசென்சுடா வேணும்?

டீக்கடையில போன் பணம் எப்பிடி வந்துச்சுன்னு பாத்தியா? டீ மாஸ்டருக்கு எந்தக் கன்சல்டண்டும் வகுப்பு எடுக்கல, சமோசாவும் குடுக்கல. அந்தச் சின்னப் பொட்டி, 'பத்து ரூபா வந்தது'ன்னு தமிழ்ல கத்துச்சு. அவ்வளவுதான், மனுசன் மாட்டிக்கிட்டாரு. மேஸ்திரிக்கும் அதப் பண்ணு. பொழுது சாயிறப்ப அவரும் ஒன் எஞ்சினியரும் சேந்து டேப்பப் புடிச்சு, அன்னிக்குப் பூசுன சொவத்த அளந்து, ஒரு ஃபோட்டோவ எடுத்துப் போன்ல ஏத்தட்டும். 'மேஸ்திரி, இன்னிக்கு இத்தன சதுர அடி'ன்னு அது தமிழ்ல சொல்லட்டும், பீகார்ப் பையனுக்கு இந்தியில சொல்லட்டும். சனிக்கெழம அந்தக் கணக்குக்குக் காசு உழட்டும். ரெண்டு வாரம் தப்பாம உழுந்தா, மூணாவது வாரம் அந்த மிசின நீ புடுங்கப் போனா மேஸ்திரி குடுக்க மாட்டாரு. மத்த மிசினெல்லாம் அதுக்குப் பின்னால வரிசையில நிக்கட்டும்.

வர்ற சனிக்கெழம சம்பள மேசையில நீயே உக்காரு. காரு கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும். மேஸ்திரியோட எல்லைசி டைரியையும் ஒன் மிசினு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஆளு ஆளா ஒத்துப் பாரு. வித்தியாசம் வர்ற எடத்துல அந்த ஆளயே கூப்புட்டுக் கேளு, கத்தாமக் கேளு. இத முடிக்கிற வரைக்கும் அந்த ரெண்டாவது டிரோனுக்கு அட்வான்சு குடுக்காத. குடுத்துட்டன்னா, போய்த் திரும்ப வாங்கிக்கிட்டு வா.